பச்சோலி இலையைக் கசக்கினால் ஏன் அத்தர் வாசம் வருவதில்லை?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொன்னால் இப்படி வருகிறது. வெள்ளவத்தையில் மாடிக் குடியிருப்பின் பல்கனியில் ஒரு பச்சோலிச் செடி வைத்திருக்கிறீர்கள். செடி செழித்து நிற்கிறது. ஆனால் இலையைக் கசக்கி முகர்ந்தால் பச்சை வாசமும் இலேசான மண்வாசமும்தான் கிடைக்கின்றன. புறக்கோட்டையில் வாங்கிய சிறு போத்தலில் உள்ள பச்சோலி எண்ணெயோ இனிப்பும் புகையும் கலந்து, கனமாக, வேறொரு பொருள் போல இருக்கிறது. செடி போலியா, எண்ணெய் போலியா, இந்தச் செடியை வைத்து வீட்டிலேயே வாசனைத் திரவியம் செய்யலாமா என்று கேட்கிறீர்கள். மூன்று கேள்விகளுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: இலைக்கும் எண்ணெய்க்கும் நடுவில் என்ன நடக்கிறது? கறுவா, கராம்பு, சிட்ரொனெல்லா எண்ணெய்களை ஏற்றுமதிக்கு முன் தரம் பார்க்கும் ஆய்வுகூட வேலையிலும், பின்னர் வாசனைக் கலவை செய்யும் வேலையிலும் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். பச்சோலி எனக்கு மிகவும் பிடித்த எண்ணெய். அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதலில் நிச்சயமானதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் செடியும் அசலாக இருக்கலாம், எண்ணெயும் அசலாக இருக்கலாம். இரண்டின் வாசமும் ஒத்துப்போகாதது இயல்பு. துளசி, புதினா, கற்பூரவள்ளி எல்லாம் இலையின் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய சுரப்பி மயிர்களில் எண்ணெயை வைத்திருப்பவை. விரல் பட்டாலே அவை உடைந்து வாசம் வந்துவிடும். பச்சோலியும் அதே குடும்பத்துச் செடிதான், அதற்கும் மேற்பரப்புச் சுரப்பிகள் உண்டு. ஆனால் எண்ணெயின் ஒரு பங்கை அது இலையின் உள் இழையத்தில் சேர்த்து வைக்கிறது. பச்சை இலையைக் கசக்கும்போது மேலே உள்ள கொஞ்சமும், நீர் நிறைந்த இலைச்சாற்றின் புல்வாசமும்தான் மூக்குக்கு வருகின்றன. இலை காய்ந்து கலச்சுவர்கள் உடைந்த பிறகுதான் உள்ளே இருப்பது வெளியே வர வழி பிறக்கிறது. எண்ணெய் வடிப்பவர்கள் பெரும்பாலும் பச்சை இலையை அப்படியே கொதிகலனில் போடாமல் காயவைத்துப் போடுவதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே செடி அசலா என்று பார்க்க மிக எளிய வழி, பத்து இலைகளைப் பறித்து நிழலில் காயவைத்து, காய்ந்ததை உள்ளங்கையில் நொறுக்கி முகர்ந்து பார்ப்பது. அதில் போத்தல் வாசத்தின் சாயல் இருக்க வேண்டும். அத்தனை இனிப்பும் கனமும் இருக்காது. ஆனால் உறவு தெரியும். அந்தச் சாயல் கொஞ்சமும் இல்லையென்றால், உங்களிடம் இருப்பது வேறு இனமாக இருக்கக்கூடும். வாசனைத் தொழிலுக்குப் பயன்படுவது பொகொஸ்டெமன் கப்ளின் என்ற இனம். 1837இல் பிளாங்கோ என்ற ஸ்பானியத் துறவி பிலிப்பைன்ஸ் தாவரங்களைப் பற்றி எழுதியபோது இதைப் புதினா வகை என்று எண்ணி விவரித்தார். இன்றைய பேரினத்துக்கு அது பிறகுதான் மாற்றப்பட்டது. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் நெடுங்காலமாக இருப்பது அதன் உறவான பொகொஸ்டெமன் ஹெய்னியானஸ். சிங்கள வைத்தியத்தில் கொல்லங்கொள என்று சொல்வது இதைத்தான். இதன் எண்ணெயில் பச்சோலிக்கு உயிரான பச்சூலோல் என்ற கூறு மிகக் குறைவு. கப்ளின் இலை தடிப்பாக, மென்மயிரோடு, ஓரம் ஆழமாக வெட்டுண்டு இருக்கும். அது அரிதாகத்தான் பூக்கும், தண்டு நட்டே பெருக்குவார்கள். மற்றது மெல்லிய இலையோடு, தாராளமாகக் கதிர் விட்டுப் பூக்கும். உங்கள் செடி அடிக்கடி பூத்தால் ஐயப்படலாம். படத்தை மட்டும் பார்த்து யாராவது உறுதியாகச் சொன்னால் நம்ப வேண்டாம். இலையின் தடிப்பையும் வாசத்தையும் படம் காட்டாது.

காயவைப்பதுதான் கொழும்பில் பெரிய பாடு. பச்சோலி வடித்தலைப் பற்றிய வெளிநாட்டுக் குறிப்புகள் எல்லாம் 'நிழலில் சில நாட்கள் உலர்த்துங்கள்' என்று ஒரு வரியில் கடந்துபோகின்றன. கடலுக்கு இரண்டு தெரு தள்ளி, காற்றில் எப்போதும் ஈரம் நிற்கும் ஊரில் அந்த ஒரு வரியில்தான் காரியம் கெடுகிறது. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில், அதாவது மே முதல் செப்டெம்பர் வரை, பல்கனியில் வைத்தால் காய்வதற்கு முன்னரே பூஞ்சணம் பிடித்துவிடும். ஒக்டோபர், நவம்பர் மழையும் அப்படித்தான். உங்களுக்கு நல்ல காலம் ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரை. மற்ற மாதங்களில் செய்வதானால் அறைக்குள் மின்விசிறிக்குக் கீழே செய்யுங்கள். நேர்வெயில் வேண்டாம், இலை வெளியே முறுகி உள்ளே ஈரமாக நின்றுவிடும், எண்ணெயும் வீணாகும். ஓவனிலோ மைக்ரோவேவிலோ வைப்பதைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

இலையைக் காலையில் வெட்டுங்கள். நட்டு ஐந்தாறு மாதமான செடியில், அடியிலைகள் மஞ்சளும் ஊதாப் பழுப்புமாகத் திரும்பத் தொடங்கும்போது வெட்டுவது வழக்கம். ஒன்றிரண்டு கிளைகளை விட்டுவையுங்கள், முழுவதையும் மொட்டையடித்தால் செடி மீளாது. வெட்டியதைச் சுளகில் ஒரு இலை கனத்துக்குப் பரப்பி, நாளுக்கு இரண்டு மூன்று தடவை புரட்டிவிடுங்கள். முதல் நாள் இலை தொய்யும், புல்வாசம் ஏறும். அடுத்த நாளில் ஓரம் சுருண்டு, பச்சை நிறம் ஒலிவ் பழுப்புக்குத் திரும்பும், புல்வாசம் அடங்கித் தேயிலை போன்ற வாசம் எழும். அதற்குப் பிறகுதான் நீங்கள் எதிர்பார்த்த இருண்ட, ஈரமண்ணும் உலர்ந்த திராட்சையும் கலந்த வாசம் வரத் தொடங்கும். அந்த மாற்றத்தை நாள்தோறும் முகர்ந்து பார்ப்பதை நான் மனமாரச் சிபாரிசு செய்கிறேன். பச்சோலியைப் பற்றி எந்தப் புத்தகமும் கற்றுத் தராத ஒன்றை அது கற்றுத் தரும். சமையலறைத் தராசு இருந்தால் நிறையைக் குறித்துக்கொள்ளுங்கள். பச்சை நிறையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகி, இரண்டு நாட்கள் தொடர்ந்து குறையாமல் நின்றால் காய்ந்துவிட்டது. வெள்ளை நூல் போல எங்காவது தெரிந்தால், புளித்த வாசம் வந்தால், இரக்கம் பார்க்காமல் எறிந்துவிடுங்கள். பூஞ்சண வாசத்தை எண்ணெயிலிருந்து எடுக்க முடியாது.

காய்ந்த இலையைக் குவித்து மூடி, சில நாட்கள் 'நொதிக்க' விட வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. இங்கே நிச்சயத்தையும் ஐயத்தையும் பிரித்துச் சொல்ல வேண்டும். வாடவிடுவதால் கலச்சுவர் பலவீனமாகி ஆவி உள்ளே நுழைவது எளிதாகிறது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. நுண்ணுயிர்கள் புதிய வாசனைக் கூறுகளை உண்டாக்குகின்றன என்பது அவ்வளவு உறுதியானதல்ல. தொழிலில் உள்ளவர்களே இதில் இரண்டு பக்கம் நிற்கிறார்கள். நமது ஈரக் காற்றில் குவித்து வைப்பது ஆபத்து என்பது என் கருத்து. நன்றாகக் காய்ந்ததைத் துணிப்பையில் சில வாரம் தொங்கவிட்டால் போதும்.

இனி வடித்தல், அதாவது இலையினூடாக நீராவியைச் செலுத்தி, ஆவியோடு வரும் எண்ணெயைக் குளிரவைத்துப் பிரித்தெடுப்பது. நல்ல உலர் இலையில், முறையான கொதிகலனில், நிறையில் 2 முதல் 3 வீதம் எண்ணெய் கிடைக்கும். உங்கள் பல்கனியில் ஒரு கிலோ பச்சை இலை வெட்டினீர்கள் என்று வைத்துக்கொண்டால், காய்ந்த பின் 200 கிராம். அதில் தொழிற்சாலைக் கணக்கில் 4 முதல் 6 கிராம் எண்ணெய். வீட்டுக் கருவியில் அதில் பாதி வந்தாலே பெரிது. காரணம் நேரம். பச்சோலியை ஆறு முதல் எட்டு மணித்தியாலம், சில இடங்களில் அதற்கும் மேலாக, ஆவியில் வைத்திருக்க வேண்டும். முதலில் வருவது இலேசான ஹைட்ரோகார்பன் கூறுகள். எண்ணெய்க்கு முதுகெலும்பான பச்சூலோல் தாமதித்துத்தான் வரும். பிரஷர் குக்கரில் குழாய் பொருத்தி ஒரு மணித்தியாலத்தில் அடுப்பை அணைத்துவிடுபவர்களுக்குக் கிடைப்பது மெலிந்த எண்ணெய். இன்னொரு தொல்லையும் உண்டு. பச்சோலி எண்ணெயின் அடர்த்தி தண்ணீரை விடக் கொஞ்சம்தான் குறைவு, 0.95 முதல் 0.975 வரை. அதனால் மேலே தெளிவாக மிதந்து நிற்காமல் துளிகளாகத் தொங்கிக்கொண்டிருக்கும். பிரிவதற்கு ஒரு இரவு வைக்க வேண்டும். அவசரப்பட்டு ஊற்றினால் பாதி எண்ணெய் தண்ணீரோடு போய்விடும்.

உங்கள் போத்தலில் எண்ணெய் கரும்பழுப்பாக இருக்கிறதா, இளமஞ்சளாக இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டுமே அசலாக இருக்க இடமுண்டு. உலகப் பச்சோலியில் பெரும்பகுதி இந்தோனேசியாவிலிருந்து வருகிறது, குறிப்பாக ஆச்சே, சுலாவெசி பக்கங்களிலிருந்து. அங்கே சிறு உழவர்கள் இரும்புக் கொதிகலனில் வடித்தால் இரும்பு எண்ணெயில் கலந்து நிறம் இருண்டுவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கொதிகலனில் வடித்தால் இளநிறம். இரும்பை எலுமிச்சை அமிலம் போன்றவற்றால் பிடித்து வெளியேற்றி நிறத்தைக் குறைப்பதும் வழக்கம். ஆகவே 'கறுத்தால்தான் அசல்' என்று கடையில் சொல்வதில் பொருளில்லை.

காலம் போகப் போகப் பச்சோலி நன்றாகிறது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது உண்மை. புதிதாக வடித்த எண்ணெயில் ஒரு பச்சையும் உலோகமுமான கூர்மை இருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல அது வட்டமாகி, இனிப்பாகும். எலுமிச்சை வகை எண்ணெய்கள் மாதக் கணக்கில் கெட்டுப்போகும்போது இது முன்னேறுகிறது. எந்த எந்தக் கூறு மாறுவதால் இப்படி ஆகிறது என்பது இன்னும் முழுமையாகத் தீர்ந்த கேள்வி அல்ல. இலேசான கூறுகள் குறைவதும் மெதுவான ஒட்சியேற்றமும் காரணம் என்பது பொதுவான விளக்கம். உங்கள் இலைக்கும் போத்தலுக்கும் உள்ள தூரத்தில் ஒரு பங்கு இந்தக் காலம்தான்.

அந்த வாசத்தின் வேதியியல் ஒரு நல்ல கதை. எண்ணெயில் சுமார் மூன்றில் ஒரு பங்கு பச்சூலோல். நோர்பச்சூலெனோல் என்ற இன்னொரு கூறு ஒரு வீதத்துக்கும் குறைவாகவே இருந்தும் வாசத்தில் அதன் கை பெரியது. பச்சூலோலின் அமைப்பை வேதியியலாளர்கள் நெடுங்காலம் தவறாகவே வரைந்து வைத்திருந்தார்கள். அமெரிக்காவில் ஜோர்ஜ் பூக்கி என்ற வேதியியலாளர் அந்தத் தவறான அமைப்பை இலக்காக வைத்து, மூலக்கூறை ஆய்வுகூடத்தில் படிப்படியாகக் கட்டினார் (இதைத்தான் தொகுத்தல் என்பார்கள்). கிடைத்ததோ அசல் பச்சூலோலேதான். அப்படி எப்படி முடியும்? 1963இல் சூரிச்சில் டூனிட்ஸ் குழுவினர் எக்ஸ்ரே முறையில் பார்த்தபோது விடை கிடைத்தது. அமைப்பைக் கண்டறிவதற்காக மூலக்கூறை உடைத்தபோது அதன் கூடு, அதாவது காபன் அணுக்களின் சட்டகம், இடம் மாறியிருந்தது. தொகுக்கும்போது அதே மாற்றம் எதிர்த்திசையில் நடந்து பழைய வடிவத்துக்கே திரும்பியிருந்தது. இத்தனை சிக்கலான கூட்டை ஆய்வுகூடத்தில் மலிவாகக் கட்ட முடியாது. பச்சோலி இன்றும் தோட்டத்தில் விளைவதற்கு அது ஒரு முக்கிய காரணம். 2014இல் ஃபெர்மெனிச் என்ற வாசனைப் பொருள் நிறுவனம் சர்க்கரையை மதுவத்தால் (ஈஸ்ட்) நொதிக்கவைத்துப் பெறும் கிளியர்வுட் என்ற பொருளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சுத்தமான, மென்மையான மரவாசம் அதற்கு உண்டு. ஆனால் நிலவறையின் ஈரமும் மண்ணும் அதில் இல்லை. பச்சோலியை அதற்காகவே விரும்புபவர்களுக்கு அது போதாது.

இனி போத்தல் அசலா என்ற கேள்விக்கு வருகிறேன். பச்சோலியில் கலப்படமாகச் சேர்ப்பவை குர்ஜன் என்ற மரத்தின் பிசின் எண்ணெய், செடார் மர எண்ணெய், தாவர எண்ணெய், அடர்த்தியைக் குறைத்து அளவைக் கூட்டுவதற்கான கிளைக்கோல் என்ற வாசமற்ற திரவங்கள். வீட்டில் சிலவற்றைப் பார்க்கலாம். கடதாசிக் கீற்றில் ஒரு துளி விட்டு நாள்தோறும் முகருங்கள். அசல் எண்ணெய் நாட்கள் அல்ல, வாரங்கள் நிற்கும். தொடக்கத்தில் கற்பூரச் சாயலோடு எழுந்து, மெதுவாக இனிப்பாக இறங்கும். இரண்டு நாளில் தட்டையாகிவிட்டால் ஐயப்படுங்கள். 90 வீத எதனோலில் அசல் பச்சோலி தெளிவாகக் கரையும். தேங்காய் எண்ணெய் போன்றவை கலந்திருந்தால் கலங்கும். ஆனால் ஆமணக்கெண்ணெய் எதனோலில் கரைந்துவிடும் என்பதால் இந்தச் சோதனையில் தேறியது மட்டும் சான்று ஆகாது. கடதாசியில் எண்ணெய்க் கறை தங்கினால் கலப்படம் என்று சொல்வதும் பச்சோலிக்குப் பொருந்தாது, அசலே கறை விடும். உறுதி வேண்டுமானால், எண்ணெயின் கூறுகளைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் வாயு நிறப்பகுப்புச் சோதனைதான் வழி. கொழும்பில் பௌத்தாலோக மாவத்தையில் தலைமையகம் கொண்ட கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் நறுமண எண்ணெய்ச் சோதனைகள் செய்யும் அரச நிறுவனம். ஒரு சிறு போத்தலுக்காக அந்தச் செலவு தகுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். பல ஆண்டுகள் முகர்ந்த மூக்கும் ஒரு திறமையான கலவையில் ஏமாறும் என்பதை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். மூக்கு 'இது சரியில்லை' என்று சொன்னால் நம்பலாம். 'இது சுத்தம்' என்று சொன்னால் நம்பக் கூடாது. புறக்கோட்டைக் கடைகளில் 'பச்சோலி அத்தர்' என்ற பெயரில் இருப்பது பல நேரம் ஆயத்தக் கலவை. கடைக்காரரிடம் எண்ணெயா, கலவையா என்று நேராகவே கேளுங்கள். தொழில் தெரிந்தவர்கள் மறைப்பதில்லை.

வாசனைத் திரவியத்தில் பச்சோலி எதற்கு என்றும் ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள். அடியில் நிற்கும் எண்ணெய் அது. மேலே எழும் எலுமிச்சை, பூ வாசங்களைத் தன்னோடு கொஞ்ச நேரம் பிடித்து நிறுத்தும். 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன சால்வைகளுக்கு இடையில் பூச்சி அரிக்காமல் இருக்கக் காய்ந்த பச்சோலி இலை வைத்தார்கள். வாங்கியவர்கள் அந்த வாசத்தைக் கொண்டே அசல் சால்வையை அடையாளம் கண்டார்கள். போலிச் சால்வை நெய்தவர்கள் இலையை வரவழைத்து வாசம் ஏற்றினார்கள் என்று தொடரும் பகுதியை, அடிக்கடி சொல்லப்படும் கதையாகவே எடுத்துக்கொள்கிறேன். 1917இல் கோட்டி என்ற பிரெஞ்சு வாசனை நிறுவனத்தின் சிப்ர் என்ற திரவியம் வந்தபோது, பெர்கமொட் பழத்தோல் எண்ணெய், லப்தானம் என்ற பிசின், ஓக் மரப் பாசி ஆகியவற்றோடு பச்சோலி நின்ற அந்த அமைப்பு ஒரு வாசனைக் குடும்பத்துக்கே பெயராகிவிட்டது. 1960களில் ஹிப்பிகள் அதைத் தனியாகவே பூசிக்கொண்டார்கள். 1992இல் தியெரி முக்ளரின் ஏஞ்சல் என்ற வாசனைத் திரவியம், சர்க்கரைப் பாகு வாசம் தரும் எத்தில் மோல்ட்டோலோடு பச்சோலியை மோதவிட்டது. இன்று இனிப்பு வாசனைகள் பலவற்றுக்கு அடியில் ஒரு கசப்பு இருண்டு நிற்கிறதென்றால் அந்த வழிதான்.

உங்கள் செடிக்கு நான் சொல்லும் வழி, வடித்தலை விட்டுவிடுவது. அந்த அளவு இலைக்கு அது பொருந்தாது. காய்ந்த இலையைத் துணிப்பையில் கட்டிப் பட்டுச் சேலைகளுக்கு நடுவே வையுங்கள். அது பச்சோலியின் பழைய வேலை, இன்றும் அழகாகச் செய்கிறது. பூசுவதற்குக் கலவை வேண்டுமென்றால் நல்ல எண்ணெயை வாங்கிக் கலந்துகொள்ளுங்கள். சுத்தமான எதனோல் இலங்கையில் மதுவரிச் சட்டக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது, வீட்டுக்கு எளிதாகக் கிடைக்காது. அதற்குப் பதிலாக, நச்சுப் பொருள் சேர்த்த மெதிலேற்றிய மதுசாரத்தைத் தோலில் பூசவே கூடாது. வாசமற்ற, உறையாமல் திரவமாகவே நிற்கும்படி பிரித்தெடுத்த (fractionated) தேங்காய் எண்ணெயை அடியாக எடுத்து, அதில் 5 வீதம் வரை வாசனை எண்ணெய்கள் சேர்த்தால் போதும்: பச்சோலி மூன்று பங்கு, வெட்டிவேர் இரண்டு, தோடம்பழத்தோல் எண்ணெய் நான்கு. நமது வெக்கையில் பச்சோலி தோலிலிருந்து வேகமாக எழும். குளிர்நாட்டுக் குறிப்புகளில் உள்ள அளவை அப்படியே எடுத்தால் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவருக்குத் தலைவலி வரும். கலந்ததும் முடிவு செய்யாமல் இரண்டு மூன்று வாரம் இருட்டில் வைத்துவிட்டு முகருங்கள்.

இந்தக் கலவையில் கறுவாப்பட்டை எண்ணெய் சேர்க்கும் ஆசை நம் ஊரில் எல்லோருக்கும் வரும். தோலில் பூசுவதற்கு அது வேண்டாம். அதில் உள்ள சின்னமல்டிஹைட் ஒவ்வாமையை உண்டாக்குவதில் பேர்போனது. பிழிந்தெடுத்த தேசிக்காய்த்தோல் எண்ணெயும் வேண்டாம்; பூசிக்கொண்டு காலி வீதி வெயிலில் நடந்தால் தோல் கருகிக் கொப்புளிக்கும். ஆவியில் வடித்த தேசிக்காய் எண்ணெயில் அந்த ஆபத்து இல்லை, ஆகவே வாங்கும்போது எந்த வகை என்று கேளுங்கள். பச்சோலி பொதுவாகத் தோலுக்கு ஒத்துப்போகும் எண்ணெய். ஆனாலும் ஒவ்வொருவர் தோலும் வேறு. கலவையில் ஒரு துளியை முழங்கை மடிப்பில் பூசி ஒரு நாள் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.